மடிக்கணினியோடு திருகாணியும் வேண்டும்

தமிழ்நாடு அரசின் மடிக்கணினித் திட்டத்தை நடத்தும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2011 செப்டம்பரில் அரசுப் பள்ளி மாணவர்களின் கைக்கு மடிக்கணினி வந்தபோது 'இலவசம்' என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. நான் அவர்கள் பக்கம் இல்லை. கூலி வேலைக்குப் போகும் பெற்றோர் என்ன சேமித்தாலும் மகளுக்குக் கணினி வாங்கித் தர முடியாது என்பதை வகுப்பறையில் நின்று பார்த்தவன் நான். 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டே ஆண்டுகளில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு என்று அறிவித்தபோது மனதார மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சியோடுதான் ஒரு கோரிக்கையும் வைக்கிறேன்: பழுதுபார்க்கும் செலவையும் கொள்முதலிலேயே சேருங்கள்.

2005-இல் அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கலஸ் நெக்ரோபோன்ட்டே ஏழை நாட்டுக் குழந்தைகளுக்காக 100 டாலர் மடிக்கணினி செய்யப்போவதாகச் சொன்னார். வெளிவந்தபோது விலை 200 டாலரை நெருங்கிவிட்டது. ஆனாலும் அந்தப் பச்சை வெள்ளைப் பெட்டியை அக்கறையோடு செய்திருந்தார்கள். வெயிலிலும் படிக்கக்கூடிய திரை, தூசி புகாத ரப்பர் விசைப்பலகை. கைப்பிடிக்குள் உபரித் திருகாணிகளைக்கூட வைத்திருந்தார்கள்! சிறுவனே கழற்றி மாட்டட்டும் என்ற அந்த எண்ணத்தை இன்றும் வியக்கிறேன்.

பெரு நாடு அவற்றை லட்சக்கணக்கில் வாங்கியது. கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-இல் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. கணக்கிலும் மொழிப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. பெரும்பாலான பள்ளிகளில் இணைய வசதியே இல்லை. கணினியைப் பாடத்தோடு எப்படிச் சேர்ப்பது என்று ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சியும் தரப்படவில்லை. குழந்தைகள் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. பெட்டியை இறக்கியதோடு வேலை முடிந்தது என்று பெரியவர்கள் நினைத்துவிட்டார்கள். பள்ளிக் குழந்தைகளுக்குக் கணினி தர உருகுவே நாடு 2007-இல் தொடங்கிய சேய்பல் திட்டத்தில் பள்ளிகளுக்கு இணைய இணைப்பும் பழுதுபார்க்கும் ஏற்பாடும் கணினியோடு சேர்ந்தே போயின. அத்திட்டம் இன்றும் நடக்கிறது.

நம் ஊரில் என்ன நடக்கிறது? பேட்டரி உப்பிவிடும், அல்லது சார்ஜர் போய்விடும். உத்தரவாதக் காலம் முடிந்திருக்கும். கடைக்காரர் கேட்கும் தொகை அந்த வீட்டின் ஒரு வாரக் கூலி. மடிக்கணினி அப்படியே பீரோ மேல் ஏறிவிடும். சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி அப்படி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தாள். கெட்டுப்போனது சார்ஜர் மட்டுமே. மாற்று சார்ஜர் போட்டதும் திரை ஒளிர்ந்தது. அவளோ அதற்குள் இரண்டு பருவத் தேர்வுகளைக் கணினி இல்லாமலேயே கடந்திருந்தாள்.

பேட்டரி, சார்ஜர், விசைப்பலகை மூன்றும் ஐந்தாண்டுகளுக்குக் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பதை ஒப்பந்தப்புள்ளியிலேயே நிபந்தனையாக்குங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓர் அரசு பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ பழுதுபார்க்கும் மையம் திறந்து, அங்கே படிக்கும் மாணவர்களுக்கே உதவித்தொகையோடு அந்த வேலையைக் கொடுங்கள். அடுத்த கட்டப் பெட்டிகள் வந்து இறங்குவதற்கு முன் அந்த மையங்களின் முகவரிகள் எங்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர்