பத்து வருடத்துக்கும் ஒரு திகதி குறியுங்கள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள கமக்காரர் அமைப்புகளுக்குப் புதிதாகத் தெரிவான தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், வயலுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப்பேர் என் பிள்ளைகளின் வயதுக்காரர். நாற்பது வயதுக்குக் கீழே உள்ளவர்கள் இத்தனை பேர் பொறுப்புக்கு வந்ததை இப்போதுதான் காண்கிறேன். போகத்துக்குத் திகதி குறிப்பது போலப் பத்து வருடத்துக்கும் குறியுங்கள் என்று கேட்டு, அந்தச் சந்தோஷத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நான் எங்கள் வட்டைக்கு, அதாவது எங்கள் வயல்வெளிக்கு, செயலாளராக வந்த வருடம், பழைய கூட்ட அறிக்கைப் புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரே இரவில் வாசித்து முடித்தேன். நீல மட்டை, ஓரமெல்லாம் கறையான் அரித்திருந்தது. உள்ளே பதினொரு வருடத்துக் கூட்டங்கள், மூன்று பேருடைய கையெழுத்து. ஆனால் தீர்மானங்கள் எல்லா வருடமும் ஒன்றுதான்: வாய்க்கால் துப்புரவு, மானியப் பசளை, யானை வேலி. வட்டையின் கீழ்ப்பக்க வயல்களுக்கான மதகு உடைந்திருப்பதை அதிகாரிகளுக்கு அறிவிப்பதென்று ஏழு இடத்தில் எழுதியிருந்தது. அறிவித்தார்களா, பதில் வந்ததா என்று ஒரு வரிகூட இல்லை.

அந்தப் பெரியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யானை இறங்கிய இரவுகளில் பந்தத்தோடு முன்னுக்கு ஓடியவர்கள் அவர்கள். 2011இல் வெள்ளம் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் இரண்டு தரம் வந்து நெற்கதிர்களை மூடியபோது, நட்டக் கணக்கோடு கந்தோர் கந்தோராக ஏறி இறங்கியவர்களும் அவர்களே. ஆனால் அவர்களுடைய பார்வை முழுக்க அந்தந்தப் போகத்திலேயே நின்றுவிட்டது. அடுத்த போகத்துக்கு அப்பால் பார்க்க யாரும் அவர்களுக்கு நேரம் கொடுக்கவில்லை.

ஆனால் இலக்கு வைப்பது நமக்குப் புதிது இல்லை. பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் என்ன செய்கிறோம்? விதைப்புக்குக் கடைசித் திகதி, மாடுகளை வயற்பக்கத்திலிருந்து அகற்றக் கடைசித் திகதி, வாய்க்கால் வேலை முடிக்கும் திகதி என்று ஒவ்வொன்றையும் குறிக்கிறோம். குறித்தபின் அது முழு வட்டைக்கும் சட்டம். மழை குறைந்த சிறுபோகம் என்றால், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் என்பதைக் குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துத் தீர்மானிக்கிறோம். இருப்பதை அளந்து, போக வேண்டிய இடத்தைச் சொல்லி, நாளும் குறிக்கிற இந்த வேலையை ஆறு மாதத்துக்குச் செய்யத் தெரிந்த நமக்குப் பத்து வருடத்துக்கும் செய்ய முடியும்.

நாளும் படியும் இல்லாமல் இலக்கை மட்டும் அறிவித்தால் என்ன ஆகும் என்பதை 2021இல் நம் வயலிலேயே கண்டோம். நாடு முழுக்கச் சேதனப் பசளைக்கு மாற வேண்டும் என்று மே மாதம் அரசாங்கத்தார் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தார்கள். அதற்குள் இங்கே விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் பெரும்போகத்தில் வெளிறிப்போய் நின்ற பயிரை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சேதனப் பசளை கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பல வருடம் நடந்து போக வேண்டிய தூரத்தை ஒரு வர்த்தமானியால் தாண்டப் பார்த்தார்கள்.

சரி, எதைக் குறிப்பது? என் மனதில் முதலில் நிற்பது நெல் காய வைக்கும் களம். அறுவடை மெசின் வந்தபிறகு முழு வட்டையும் ஒரு கிழமைக்குள் வெட்டி முடிகிறது. காயப்போட இடமில்லை. கொஞ்சம் பேர் தார் ரோட்டில் பரப்புகிறார்கள், மற்றவர்கள் ஈர நெல்லை வரம்படியிலேயே வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுக்கிறார்கள். அரசாங்க விலைக்குக் கொடுக்க ஈரம் 14 வீதத்துக்குள் நிற்க வேண்டும். 300 ஏக்கர் வட்டை ஒன்றில் களத்துக்கென்று ஏக்கருக்குப் பத்துக் கிலோ நெல் ஒதுக்கினால், ஒரு போகத்துக்கு 3,000 கிலோ சேரும். முதல் வருடம் காணி, மூன்றாம் வருடம் சீமெந்துக் களம், ஈரம் பார்க்கும் கருவி, ஆறாம் வருடம் களஞ்சியம். இதைத் திகதியோடு புத்தகத்தில் எழுதிவிட்டால், அடுத்த தலைவர் யாராக வந்தாலும் அவர் அந்தப் பக்கத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்தது கொஞ்சம் சங்கடமான விஷயம். நம் ஊர் வழக்கில் வயலைப் பெண் பிள்ளைக்குத்தான் சீதனமாக எழுதுகிறோம். கூட்டத்துக்கு வருவதோ மருமகன். யுத்தத்தில் புருஷனை இழந்து, தானே விதைத்துத் தானே மருந்தடித்து வெட்டுவிக்கும் அக்காமார் எத்தனை பேர் நம் வட்டைகளில் இருக்கிறார்கள்! கூட்டம் என்றால் அவர்கள் மண்டபத்து வாசலில் நிற்கிறார்கள். காணிக்குச் சொந்தக்காரி வெளியே நிற்க, அந்தக் காணியின் எதிர்காலத்தை உள்ளே இருந்து பேசுவது முறையல்ல. செயற்குழுவில் பாதி பெண்கள் என்பதையும் ஒரு திகதியோடு எழுதுங்கள்.

நடக்குமா என்று கேட்பீர்கள். அம்பாறைப் பக்கம் நடந்திருக்கிறது. கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் இடதுகரையில் வாய்க்கால்கள் தூர்ந்து, கடைசி வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேராமல் இருந்த காலம். 1980களின் தொடக்கத்தில் இளம் அமைப்பாளர்கள் அங்கே போய்க் கமக்காரரோடு தங்கினார்கள். பெரிய சங்கம் ஒன்றும் முதலில் கட்டவில்லை. ஒரே வயல் வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிற பத்துப் பதினைந்து பேரை இருத்தி, உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்டார்கள். அந்தக் கமக்காரர்கள் கூலி வாங்காமல் வாய்க்காலைத் தோண்டினார்கள். மேலே இருந்தவர்கள் முறைவைத்துக் கீழே தண்ணீர் விட்டார்கள். அங்கே ஒருவர் வந்து வழி சொல்லிக் கொடுக்கவில்லை, கமக்காரர் வாயிலிருந்தே அது வந்தது. தலைவராக இருப்பவருக்கு எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய வேலை இல்லை.

கோயில் திருவிழாவுக்கு, கோயிலை நடத்தும் வண்ணக்கர்மார் எத்தனை நாள் முன்பே கூடி, எந்தக் குடிக்கு எந்த நாள் என்று பிசகில்லாமல் பிரிக்கிறார்கள். அதே ஆட்கள்தான் வயலிலும் நிற்கிறோம்.

அடுத்த ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னர் ஒரு ஞாயிறு பின்னேரம் ஒதுக்குங்கள். அதிகாரிகள் வேண்டாம், மாலையும் மேடையும் வேண்டாம். அக்காமாருக்கு முன்வரிசையில் கதிரை போடுங்கள். நான் அந்த நீல மட்டைப் புத்தகத்தைக் கொண்டு வருகிறேன். உடைந்த மதகிலிருந்து தொடங்குவோம்.

அன்போடு,
படுவான்கரைக் கமக்காரன் ஒருவன்