ரோஜாத் தோட்டத்துச் செடிகளை அடையாளம் காணாமல் அகற்ற வேண்டாம் எனக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
வேலூர்.

அனுப்புநர்:
பூங்காவுக்கு நாள்தோறும் வரும் பகுதிப் பொதுமக்கள்.

பொருள்: பொதுப் பூங்கா ரோஜாத் தோட்டம் – செடிகளின் ரகங்களைக் கண்டறிந்து பதிவு செய்யும்வரை அவற்றை அகற்றாதிருக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் குடியிருப்பை ஒட்டிய பொதுப் பூங்காவின் ரோஜாத் தோட்டத்தில் பல செடிகள் பட்டுப்போனதால், எல்லாவற்றையும் வேரோடு எடுத்துவிட்டுப் புதிய ஒட்டுக்கன்றுகள் நடவிருப்பதாக அங்கு வேலை செய்வோர் வழியாக அறிந்தோம். புதுக் கன்றுகள் வருவதில் எங்களுக்கு மகிழ்ச்சியே. எது இன்னும் உயிரோடிருக்கிறது, அது என்ன ரகம் என்று பாராமல் பிடுங்குவதைத்தான் நிறுத்தக் கோருகிறோம்.

நுழைவாயிலுக்கு அருகிலுள்ள பாத்தியில் ‘பாப்பா மெய்லாண்ட்’ என்ற தகரப் பலகை இன்னும் நிற்கிறது. கருஞ்சிவப்பில், மணத்தோடு பூக்க வேண்டிய ரோஜா அது; இப்போது அங்கே கொத்துக் கொத்தாகச் சிறிய வெளிர்நிறப் பூக்களே பூக்கின்றன. குனிந்து பார்த்தால் காரணம் தெரியும்: ஒட்டுப் போட்ட முடிச்சுக்கு மேலே தண்டு கருகிக் கிடக்கிறது, கீழே, ஒட்டைத் தாங்கும் வேறு ரக ரோஜாவான வேர்ச்செடியிலிருந்து கிளம்பிய போத்துகள் (பக்கத் தளிர்கள்) ஆளுயரம் வளர்ந்துள்ளன. அதே வரிசையில் ஐந்தாறு செடிகளில் ஒட்டு பிழைத்திருக்கிறது; ஆனால் அவற்றின் பலகைகளில் எழுத்து அழிந்துவிட்டது. (அந்தப் பலகைகளைக் காட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டக் கற்றுக்கொடுத்தவர்கள் எங்களில் உண்டு.)

மழை ஓய்ந்தபின் செய்ய வேண்டிய கவாத்தை, அதாவது கிளை வெட்டும் பணியை, சித்திரையில், வேலிச்செடி வெட்டும் கத்தரியால் செய்ததும், வெட்டுவாயில் பூஞ்சைக்கொல்லியான காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசையைத் தடவாமல் விட்டதும் நுனியிலிருந்து கருகும் பின்கருகல் நோய்க்கு வழிவிட்டன என்பது எங்கள் கருத்து. அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெயிலும், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரும் மீதியைச் செய்தன.

1995இல் அமைக்கப்பட்டு, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு விருதைப் பெற்ற உதகை அரசு ரோஜாப் பூங்கா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரக் குளிரில் இருக்கிறது. அங்கு செழிக்கும் ரகங்களையே இங்கும் வாங்கி நட்டால் சில கோடைகளில் இதே மனுவை மறுபடியும் எழுத நேரிடும். மாறாக, பன்னீர் ரோஜா என்று நம் பூக்கடைகளில் விற்கும் எட்வர்டு, வட இந்தியச் சமவெளியின் வெயிலில் பழகிய ‘குரூஸ் ஆன் டெப்லிட்ஸ்’ போன்றவை நம் வெப்பத்தைத் தாங்கக்கூடியவை. கவனிப்பாரற்ற இத்தோட்டத்தில் இத்தனை கோடைகளைக் கடந்து ஒட்டு பிழைத்து நிற்கும் அந்த ஐந்தாறு செடிகளும், பெயர் எதுவாயினும், வெப்பம் தாங்கும் அந்த ரகங்களோடு சேர்க்கத் தக்கவை அல்லவா?

பூவைப் பார்க்காமல் ரோஜாவின் ரகத்தைச் சொல்வது தேர்ந்தவர்க்கும் அரிது. ஆகவே, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முறையாகக் கவாத்து செய்து, அதன்பின் சுமார் 45 நாட்களில் பூக்கும்போது தோட்டக்கலைத் துறை அலுவலர் ஒருவரை நேரில் அனுப்பிச் செடிகளை அடையாளம் காணவும், பிழைத்த ரகங்களின் தண்டிலிருந்து தளிர்மொட்டெடுத்துப் புதிய வேர்ச்செடிகளில் ஒட்டவும், ஒவ்வொரு செடிக்கும் ரகம், வந்த இடம், நட்ட ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதிய பதிவேடு ஒன்றைப் பூங்காவிலேயே வைக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். அதுவரை அகற்றும் பணியை நிறுத்திவைக்கக் கோருகிறோம். பதிவேட்டை எழுதவும், வாரம் ஒருமுறை போத்துகளைக் கிள்ளிவிடவும் எங்களில் சிலர் ஊதியமின்றி வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பகுதிப் பொதுமக்கள்

இடம்: வேலூர்