மாலை போடுவதற்கு முன்னால்

கிளாஸ்கோ,
26.10.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். அங்கே அம்மா, அண்ணி, குட்டி எல்லோரும் நலம்தானே? இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குட்டிதான் முதலில் படிப்பாள், அதனால்தான் தபால். கார்த்திகைக்குள் கோத்தகிரி வந்து சேர்ந்துவிடும் என்று நினைக்கிறேன்.

குளிர்காலம் வருவதால் இன்று அதிகாலை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். இனி சாயங்காலம் ஐந்துக்குள் இருட்டிவிடும். மழையும் காற்றும் நம்மூர் ஐப்பசிதான், மேகம் மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வராது. குளிருக்காகத்தான் குடிக்கிறோம் என்று இங்கேயும் சொல்கிறார்கள். குடித்ததும் தோலுக்கு அடியில் ரத்தக்குழாய்கள் விரிந்துகொள்ளும், அதனால் மேலே சூடாகத் தெரியும். உண்மையில் உடம்பின் உள்சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது.

இங்கே யூனிட் என்று ஒரு கணக்கு உண்டு. 10 மில்லி சுத்தமான ஆல்கஹால் ஒரு யூனிட். வாரத்துக்கு 14-ஐத் தாண்ட வேண்டாம் என்று 2016 முதல் சொல்கிறார்கள், அதற்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்றும் சொல்லவில்லை. நம் கடைக் குவாட்டர் 180 மில்லி, 42.8 சதவீதம். பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட ஏழே முக்கால் யூனிட். ஃபேக்டரியில் இலை இறக்கிவிட்டு தினம் ஒன்று, ஞாயிறு இரண்டு என்றால் வாரத்துக்கு அறுபதைத் தாண்டுகிறது. அதோடு அந்த வளைவுகளில் வண்டி வேறு ஓட்டுகிறீர்கள்.

இங்கே யூனிட்டுக்கு 65 பென்ஸ் காசுக்குக் கீழே விற்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. அப்படியும் எங்கள் வார்டில் கட்டில் காலியாவதில்லை. கல்லீரலில் கொழுப்பு படியும்போது வலியே இருக்காது. அந்தக் கட்டத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும். தழும்பாகிச் சுருங்கிய பிறகு வயிற்றில் நீர் கோத்து, கண் மஞ்சளாகி, ரத்த வாந்தியோடு வருகிறார்கள். பிரஷர், கணையம், வாய், தொண்டை, குடலில் புற்றுநோய் என்று எழுதிக்கொண்டே போகலாம், ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு.

கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு, அன்றோடு குடியை விடப் போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எனக்குத்தான் பயம். தீபாவளி காலையில் வீடியோவில் பேசும்போது உங்கள் கையில் காபி டம்ளர் தளும்பியதைப் பார்த்தேன். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால், மூளை குடி தந்த மந்தத்துக்குப் பழகியிருந்ததால் கட்டறுத்துக்கொண்டு கிளம்பும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும். எங்கள் வார்டில் அப்படி ஒருவர் போர்வையில் பூச்சி ஊர்கிறது என்று ராத்திரி முழுக்கக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார், அங்கே ஒன்றுமே இல்லை. கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். விரதம் பலிக்கவில்லை, சாமி குற்றம் என்று ஊரில் பேசுவார்கள்!

இப்படி வருகிறவர்களை இரண்டு கையையும் நீட்டி விரல்களை விரிக்கச் சொல்வோம். கண்ணுக்கு நடுக்கம் தெரியாவிட்டாலும் விரல் நுனியைத் தொட்டால் நமக்குத் தெரியும். அதையும் வியர்வை, படபடப்பையும் பார்த்து மாத்திரை கொடுத்து, நாளாக நாளாகக் குறைப்போம். பி1 வைட்டமின் ஊசியும் உண்டு. குடிக்கிறவர்களுக்கு அது வற்றியிருக்கும், ஞாபகமே போய்விடலாம். அசதி என்று யாராவது வெறும் குளுக்கோஸ் ஏற்ற வந்தால், குடிப்பதைச் சொல்லி முதலில் பி1 போடச் சொல்லுங்கள்.

மாலை தாராளமாகப் போடுங்கள் அண்ணா. அதற்கு முன்னால் ஊட்டி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்விட்டு வாருங்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் முறைக்காதீர்கள், குடியை விடுவதற்கான வைத்தியம் அவர்கள் கையில்தான். அதுவரை நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அண்ணியும் கூட வரட்டும். காலையில் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் போட்டால் நிற்கிறதா, முன்பு எப்போதாவது வலிப்பு வந்ததா என்று கேட்பார்கள். கூச்சப்பட்டு அளவைக் குறைத்துச் சொல்லிவிடாதீர்கள், மாத்திரையின் அளவை அதை வைத்துத்தான் போடுவார்கள்.

உங்கள் அன்புத் தங்கை