அம்முவுக்கு, பார்சலோனா கிளம்பும் முன்

அம்மு,

டிக்கெட் போட்டாச்சு என்று நீ அனுப்பிய மெசேஜைப் பார்த்தேன், சந்தோஷம். ஜூன் நல்ல மாதம்தான், ஆகஸ்ட் மாதிரி வெந்து சாக வேண்டாம். மொபைல் காங்கிரஸ் என்கிற செல்போன் துறைக் கண்காட்சிக்காக ஆபீஸ் செலவில் அந்த ஊருக்குப் போய் வந்துகொண்டிருந்தவன் என்கிற தகுதியில் எழுதுகிறேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

முதலில் பாஸ்போர்ட். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம், அதெல்லாம் உனக்கே தெரியும். ஆனால் அங்கிருந்து கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் அது செல்லுபடியாக வேண்டும், உன்னுடையது எப்போது முடிகிறது என்று இன்றைக்கே எடுத்துப் பார். 2025 அக்டோபரிலிருந்து ஐரோப்பிய எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கிறார்கள், வரிசை நீளும். ஃபிராங்ஃபர்ட்டிலோ பாரிஸிலோ விமானம் மாறினால் அந்தச் சடங்கு அங்கேயே நடக்கும், பார்சலோனாவில் இல்லை. அதனால் நடுவில் ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இப்போதே மாற்றிக்கொள்.

உன் ஹேர் டிரையரை வீட்டிலேயே வை. அது 120 வோல்ட்டுக்குச் செய்தது, அங்கே 230, செருகிய அடுத்த நிமிடம் புகைதான். போன், லேப்டாப் சார்ஜர்கள் இரண்டு வோல்ட்டையும் தாங்கும், உருண்டை இரட்டைக் கம்பி அடாப்டர் போதும். (மதுரைக்குப் போகும்போது அம்மா எடுத்துப்போவாளே, அதில் இரட்டைக் கம்பி உள்ளது அங்கேயும் சேரும், மூன்று கம்பி உள்ளது சேராது.)

விமான நிலையத்திலிருந்து ஏரோபஸ் பிடித்தால் அரை மணிக்குக் கொஞ்சம் கூடப் பிடிக்கும், ஊர் நடுவில் பிளாசா கட்டலூன்யா சதுக்கத்தில் இறக்கிவிடும். மெட்ரோவுக்கு 10 பயண டிக்கெட் ஒன்று உண்டு, டி-கேஷுவல் என்று பெயர். அதை ஒருவர்தான் பயன்படுத்தலாம், போகிற நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒன்று வாங்க வேண்டும். விமான நிலைய மெட்ரோ ஸ்டேஷன்களில் அது செல்லாது, ஆனால் 46ஆம் எண் பஸ்ஸில் செல்லும்.

இப்போது திருட்டு. அடிதடி கிடையாது, கத்தி காட்டுவது அபூர்வம், ஆனால் ஜேப்படியில் அந்த ஊர் ஆட்கள் கைதேர்ந்தவர்கள். ரம்ப்லா என்கிற பெரிய நடைவீதிப் பக்கம் ஓடும் பச்சை நிற மெட்ரோ லைனில் கதவு மூடுகிற நேரத்தில் இரண்டு பேர் உன்னை நெருக்கிக்கொண்டு ஏறுவார்கள், ஒருவன் வழியை மறிப்பான், மற்றவன் கதவு மூடுவதற்குள் இறங்கிவிடுவான், பர்ஸும் அவனோடு இறங்கியிருக்கும். பையை முன்பக்கம் மாட்டு, கதவோரம் நிற்காதே. இன்னொன்று, வெளியே போட்டிருக்கும் மேசையில் உட்கார்ந்து சாப்பிடும்போது போனை மேசைமேல் வைக்கிற உன் பழக்கம். ஒருவன் வந்து ஒரு காகிதத்தை விரித்து உதவி கேட்கிற மாதிரி நீட்டுவான், காகிதம் சரியாக உன் போன் மேல் இருக்கும், அவன் எடுத்துக்கொண்டு போவது காகிதத்தை மட்டும் அல்ல. என்னோடு வந்த ஒரு நண்பர் இப்படித்தான் இழந்தார், அவர் இங்கே செக்யூரிட்டி மென்பொருள் விற்கிறவர்! ஏதாவது போனால் போலீஸில் புகார் எழுதி நகல் வாங்கு, இன்ஷூரன்ஸுக்கு அது வேண்டும். ஆபத்து என்றால் 112. பாஸ்போர்ட் போனால் அமெரிக்கத் தூதரக அலுவலகம் சாரியா பகுதியில் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் போட்டோவை இப்போதே எனக்கும் அனுப்பி வை.

யூனிஃபார்ம் போட்ட திருட்டும் ஒன்று உண்டு. கார்டைத் தட்டும்போது மெஷின் திரையில் "டாலரா, யூரோவா" என்று கேட்கும். டாலர் தொகையைப் பார்த்ததும் நமக்கு நிம்மதியாக இருக்கும், அதற்காகவே அப்படிக் கேட்கிறார்கள், அந்த நிம்மதிக்கு மோசமான மாற்று விகிதத்தில் விலை கொடுப்போம். எப்போதும் யூரோ. ஏடிஎம்மிலும் அப்படித்தான். டிப்ஸ் 20 சதவீதம் கணக்குப் போடாதே, சில்லறை வைத்தால் போதும், வைக்காவிட்டாலும் யாரும் முறைக்க மாட்டார்கள்.

சாப்பாட்டு நேரம் உனக்குக் கஷ்டமாக இருக்கும். மதியம் இரண்டு மணிக்கு, ராத்திரி ஒன்பதுக்கு மேல். ஆறு மணிக்கு டின்னர் தருகிற கடை சுற்றுலாப் பயணிக்காகவே திறந்த கடை, படம் போட்ட மெனுவோடு ஒருவர் வாசலில் நின்று கூப்பிட்டால் நிற்காமல் நட. மதியம் "மெனு டெல் தியா" கேள், வார நாட்களில் இரண்டு மூன்று வகையும் குடிக்க ஏதாவதும் ஒரே விலையில் வரும், ராத்திரிக்கு லேசாக முடித்துக்கொள்ளலாம். பில் கேட்காமல் வராது, மேசையை விட்டு விரட்டக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. மாமிசம் வேண்டாம் என்றால் டூனா போட்டுக் கொண்டுவருவார்கள், மீனும் ஹாமும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல். நீ முட்டை சாப்பிடுவதால் பிழைத்தாய்: தோர்த்தியா என்கிற உருளைக்கிழங்கு ஆம்லெட், பிறகு சுட்ட கத்தரிக்காயும் குடமிளகாயும் கலந்த எஸ்கலிவாதா, உலர்திராட்சையும் பைன் கொட்டையும் போட்ட கீரை. அந்தக் கீரைக்காகவே நானும் அம்மாவும் ஒரே கடைக்குத் திரும்பத் திரும்பப் போனோம்.

கடற்கரைக்கு மூன்று பேரும் போனால் ஒருத்தி கரையில் இருக்கட்டும், பையை மணலில் விட்டுவிட்டு எல்லோரும் தண்ணீரில் இறங்காதீர்கள். பார்சலோனெட்டா ரொம்பக் கூட்டம், போகதெல் பக்கம் போ. சிவப்புக் கொடி என்றால் இறங்காதே. மணலில் சுற்றி வந்து விற்கிற மொஹீத்தோ என்கிற மதுக்கலவையை வாங்காதே, எங்கே கலக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. நீச்சல் உடையோடு தெருவில் நடந்தால் அபராதம். ஜூன் 23 ராத்திரி சான்ட் ஜோவான் திருவிழா, விடிய விடிய வெடி, நம் தீபாவளி தோற்றுப்போகும். அன்று தூங்கலாம் என்று நினைக்காதே. மறுநாள் விடுமுறை, கடை மூடியிருக்கும், பழமும் பிரெட்டும் முன்கூட்டியே வாங்கி வை.

சக்ராதா ஃபமீலியா டிக்கெட்டை இன்றே ஆன்லைனில் எடு, நேரம் குறித்துத்தான் விடுவார்கள், அங்கே போய் நின்றால் கிடைக்காது. 1882இல் கட்ட ஆரம்பித்த சர்ச், அதை வடிவமைத்த கௌதி 1926இல் டிராம் மோதி இறந்து நிலவறையில் அடக்கமாகி இருக்கிறார். காலை வெயிலில் உள்ளே நீலமும் பச்சையுமாக இருக்கும், சாயங்காலம் மேற்குக் கண்ணாடிகள் வழியே தூண்கள் எல்லாம் ஆரஞ்சாகிவிடும். சாயங்காலம் போ. தோள் மூடிய சட்டை.

அப்புறம் தங்கும் வீடு, எனக்கு இதுதான் கவலை. அங்கே வாடகை ஏறி உள்ளூர்க்காரர்கள் கொதித்துப் போயிருக்கிறார்கள், 2024 ஜூலையில் சுற்றுலாப் பயணிகள் மேல் தண்ணீர்த் துப்பாக்கி அடித்தார்கள். சுற்றுலா வீடுகளின் 10,101 உரிமங்களை 2028 நவம்பரோடு முடிப்பதாக நகராட்சி அறிவித்திருக்கிறது. அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், அதனால் ராத்திரி மாடிப்படியில் பெட்டியை உருட்டிக் கத்தாதீர்கள். முடிந்தால் ஹோட்டல் போடு. வீடுதான் என்றால் விளம்பரத்தில் எச்.யூ.டி.பி. (HUTB) என்று தொடங்கும் உரிம எண் இருக்கிறதா பார், இல்லாவிட்டால் பணம் கட்டாதே. மாடி எண்ணையும் நம்பாதே. எஷாம்ப்ல பகுதியின் பழைய கட்டடங்களில் தரைத்தளத்துக்கு மேல் எந்த்ரெசோல், அதற்கு மேல் பிரின்சிபால், அதற்கும் மேல்தான் ஒன்றாம் மாடி. நீ அமெரிக்கக் கணக்கில் இரண்டாவது மாடி என்று எண்ணி வாங்கியது உண்மையில் ஐந்தாவதாக இருக்கலாம், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்.

நீ பார்த்து வைத்திருக்கிற அந்த வீட்டின் லிங்க்கை இன்று ராத்திரியே அனுப்பு, எண் இருக்கிறதா என்று நானும் பார்க்கிறேன்.

அப்பா