துருப்பிடித்த போல்ட்டைச் சொல்லாமல் மறைத்தது குறித்துப் புகார்

உவரி,
8.9.2025

பெறுநர்
கிளை மேலாளர்,
கார் சர்வீஸ் மையம்,
திருநெல்வேலி.

நகல்: வாடிக்கையாளர் குறைதீர் பிரிவு, தலைமை அலுவலகம்

பொருள்: பின்பக்க இடது ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டை முறித்துவிட்டு, அளவு குறைந்த போல்ட்டைப் பூட்டி, என்னிடம் சொல்லாமல் கருப்புப் பெயின்ட் அடித்து அனுப்பியது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த ஆகஸ்டு 12-ஆம் தேதி என் காரை உங்கள் மையத்தில் விட்டேன். வண்டி வாங்கி ஒன்பது வருஷம் ஆகிறது. நான்கு ஷாக் அப்சார்பர்களும் தளர்ந்துவிட்டன என்று உங்கள் ஆட்களே போன சர்வீஸில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான்கையும் மாற்றச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் 21,640 ரூபாய் கட்டி வண்டியை எடுத்து வந்தேன்.

முன்பக்க வேலையில் எனக்குக் குறை கிடையாது. முதல் நாள் பதினொன்றரை மணிக்கு உங்கள் அட்வைசர் போன் பண்ணி, "சார், ரெண்டு லிங்க் ராடும் துருப்பிடிச்சிருக்கு, நட்டு கழலல, அறுத்துத்தான் எடுக்கணும், புதுசு போட்டா 1,400 ரூபாய் கூட ஆகும்" என்றார். "போடுங்க தம்பி" என்று அப்போதே சொன்னேன். எங்கள் ஊர் வண்டியில் துரு இருக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு தெருவும் கொஞ்சம் மணலும்தான். ஜன்னல் கம்பிக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்தாலும் அடியிலிருந்து பொருக்குப் பொருக்காகத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். கேட்டின் கீலை இரண்டு முறை மாற்றிவிட்டேன். வண்டிக்கு அடியில் மட்டும் துரு வராதா?

ஆனால் முன்பக்கத்துக்கு ஒரு போன் பண்ணத் தெரிந்தவர்கள் பின்பக்கத்துக்கு ஏன் பண்ணவில்லை? நான் கேட்பது இதைத்தான்.

வண்டி எடுத்த பத்தாம் நாள் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது, நாங்குநேரி தாண்டித் திசையன்விளை ரோட்டில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் இடது பக்கம் 'டக், டக்' என்று இரும்பு இரும்பில் மோதும் சத்தம். அம்மாவுக்கு வயது 78. பின்சீட்டில் இடது பக்கம்தான் உட்கார்ந்திருந்தார். "என்னய்யா, காலுக்கு அடியில யாரோ சுத்தியல வச்சு அடிக்காப்புல இருக்கு" என்றார். மெதுவாக ஓட்டி வந்து, திசையன்விளையில் எனக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் நிறுத்தினேன்.

அவர் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினார். உள்ளே எல்லாம் புதுக் கருப்புப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் நுனியால் சுரண்டியதும் பெயின்டோடு சேர்ந்து துருவும் கையளவு உதிர்ந்தது. அதற்குப் பின்னால் போல்ட்டின் தலை தெரிந்தது. "அண்ணாச்சி, இதப் பாருங்க" என்று டார்ச் அடித்துக் காட்டினார். வலது பக்க போல்ட்டின் தலையில் அதன் வலிமையைக் குறிக்கும் 10.9 என்ற எண் பொறித்திருந்தது. அது கம்பெனி போல்ட், 12 மில்லிமீட்டர். இடது பக்கம் இருந்ததில் எண்ணே இல்லை. சாதாரணக் கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட். முனையில் பூட்டு நட்டும் கிடையாது, சாதா நட்டுதான். அதுவும் விரலாலேயே கால் சுற்று திரும்பியது. 12 மில்லிமீட்டர் துளைக்குள் 10 மில்லிமீட்டர் போல்ட் ஆடாமல் என்ன செய்யும்? ஆடி ஆடி, ஷாக் அப்சார்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்திருந்தது.

நடந்தது என்ன என்பதும் அங்கே பார்த்ததிலேயே விளங்கியது. ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணில் ரப்பர் புஷ் இருக்கிறது. அதன் நடுவில் ஒரு இரும்புக் குழாய். அதற்குள் போல்ட் நுழைந்து, பிராக்கெட்டுக்கு அந்தப் பக்கம் வெல்டு வைத்த நட்டில் மாட்டுகிறது. உப்புக் காற்றில் போல்ட்டின் உடம்பும் அந்தக் குழாயும் ஒன்றோடு ஒன்று துருவால் ஒட்டிக்கொள்கின்றன. இரும்பைவிடத் துரு அதிக இடத்தை அடைக்கும் என்பதால் ஆப்பு அடித்தது போல இறுகிவிடும். அப்படிப்பட்ட போல்ட்டில், அடித்து அடித்துச் சுற்றும் இம்பாக்ட் கன் மிஷினை வைத்து அழுத்தினால், கன் கொடுக்கும் அடியை ரப்பர் வாங்கி முறுக்கிக்கொள்ளுமே தவிர போல்ட் கழலாது. இன்னும் அழுத்தினால் ஒன்று தலை முறியும், இல்லை உள்ளே வெல்டு நட்டு பிய்ந்து சுற்றும். என் வண்டியில் இரண்டும் நடந்திருக்கிறது. பிறகு கேஸ் வைத்துச் சுட்டு அறுத்திருக்கிறார்கள். பக்கத்தில் போகும் கைப்பிரேக் கேபிளின் மேலுறை ஒரு விரல் நீளத்துக்கு உருகி இழுத்துக்கொண்டு நிற்கிறது. படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

போல்ட் முறிந்ததற்காக நான் கோபப்படவில்லை. எவ்வளவு நிதானமாக வேலை செய்தாலும் சில சமயம் முறியத்தான் செய்யும். ஆனால் நிதானம் காட்டினீர்களா? எங்கள் ஊரில் வள்ளத்துக்கு இன்ஜின் பூட்டும் பையன்கள்கூட பிடித்துப்போன நட்டை எடுத்த எடுப்பில் திருப்ப மாட்டார்கள். முந்தின நாள் சாயங்காலமே எண்ணெய் விட்டு ஊறப்போடுவார்கள். காலையில் கம்பி பிரஷ் வைத்துத் தேய்த்து, மறுபடி எண்ணெய் விட்டு, இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை தள்ளிப் பார்த்துவிட்டுத்தான் கழற்றுகிற பக்கம் திருப்புவார்கள். என் வண்டி ஒரு ராத்திரி முழுக்க உங்கள் மையத்தில்தான் நின்றது. ஊறப்போட நேரம் இல்லை என்று சொல்ல முடியாது.

சரி, முறிந்தது. முறிந்ததும் போன் பண்ணி, "நட்டு பிய்ந்துவிட்டது, புது நட்டு வெல்டு வைக்க வேண்டும், இன்னும் ஒரு நாள் ஆகும், இவ்வளவு செலவு" என்றால் ஒத்துக்கொண்டிருப்பேன். லிங்க் ராடுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? அதை விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த போல்ட்டைச் சொருகிப் பெயின்டால் மூடியிருக்கிறீர்கள். பில்லில் 'பின்பக்க போல்ட், நட்டு செட்' என்று 680 ரூபாய் வாங்கியும் இருக்கிறீர்கள். அந்த செட் என் வண்டியில் எங்கே? வலது பக்கம் இருப்பது பழைய போல்ட். இடது பக்கம் இருந்தது எது என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆகஸ்டு 25-ஆம் தேதி உங்கள் மையத்துக்குப் போன் பண்ணினேன். "கடற்கரை வண்டி சார், துரு வாரண்டியில வராது" என்ற ஒரே பதிலை மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். துருவுக்கு நான் வாரண்டி கேட்கவே இல்லை. துரு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். அந்த 10 மில்லிமீட்டர் போல்ட் உங்களுடையது. நாற்கர சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்த நட்டு கழன்று ஷாக் அப்சார்பர் தொங்கியிருந்தால் பின்சீட்டில் இருந்தவருக்கு யார் பதில் சொல்வது? அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

அதனால் பிராக்கெட்டில் முறையாகப் புது நட்டு வெல்டு வைத்து, இரண்டு பக்கமும் சரியான கம்பெனி போல்ட் போட்டு, கைப்பிரேக் கேபிளையும் மாற்றித் தர வேண்டும். இதற்குக் கூலியோ பாக விலையோ என்னிடம் வாங்கக் கூடாது. போல்ட்டின் உடம்பில் கிரீஸ் தடவிப் பூட்டச் சொல்லுங்கள், அடுத்த முறை கழற்றுகிறவருக்காவது உதவும். வண்டியைத் தரையில் இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழிந்துவிடும். போடாத போல்ட்டுக்கு வாங்கிய 680 ரூபாயையும், திசையன்விளையில் தற்காலிகமாகச் சரிசெய்ய நான் கொடுத்த 1,850 ரூபாயையும் திருப்பித் தர வேண்டும். பின்பக்க வேலையை யார் பார்த்தார், யார் சரிபார்த்துக் கையெழுத்திட்டார் என்று எழுத்தில் வேண்டும்.

இன்னொன்றும் கேட்கிறேன், இது எனக்காக மட்டும் இல்லை. உவரி, கூட்டப்பனை, கூடுதாழை, இடிந்தகரை என்று கடலோரத்திலிருந்து உங்களிடம் எத்தனையோ வண்டிகள் வருகின்றன. ஷாக் அப்சார்பர் மாற்ற வருகிற கடற்கரை வண்டியை முதலில் தூக்கி, எந்த போல்ட் கழலாது என்று பார்த்து, அதற்கும் சேர்த்தே எஸ்டிமேட் போடுங்கள். ஆயிரம் இரண்டாயிரம் கூட ஆகும் என்று முன்னாலேயே தெரிந்தால் யாரும் சண்டை போடப் போவதில்லை.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்கு அங்கே கட்டணம் இல்லை. ஆனால் அதற்குப் போகாமல் நீங்களே சரிசெய்து தருவதைத்தான் விரும்புகிறேன். ஒன்பது வருஷமாகச் சர்வீஸுக்கு வேறு எங்கும் வண்டியை விட்டதில்லை.

கழற்றிய 10 மில்லிமீட்டர் போல்ட்டையும் நட்டையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வண்டியைக் கொண்டு வரும் நாளைச் சொன்னால் கையோடு எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், ஜாப் கார்டு நகல், படங்கள் 6, திசையன்விளை ஒர்க் ஷாப் ரசீது.