எங்கள் நாய் டைகரையும் இரண்டு பூனைகளையும் ஒரே கூரைக்குள் சேர்த்து வைத்தவர்களுக்கு

கொட்டகலைத் தோட்டத்து உறவுகளுக்கும், ஹப்புத்தளை முதல் பேராதனை வரை எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் வணக்கம்.

ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய் நேரில் நன்றி சொல்ல வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஆசை. ஆனால் உங்களில் சிலருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. லொறி ஓட்டி வந்தவர், மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள், ஆஸ்பத்திரி வாசலில் என் கையில் குடையைத் திணித்துவிட்டுப் போனவர்... அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். நீங்கள் செய்தது எவ்வளவு பெரியது என்பது உங்களுக்கே முழுதாகத் தெரியாது. அதைச் சொல்லாமல் வெறும் நன்றி மட்டும் சொன்னால் எனக்கு மனம் ஆறாது.

பெப்ரவரியில் மாமா காலமானார். ஹப்புத்தளைப் பக்கம் ஒரு பங்களாவில் இருபது வருடம் காவல்காரராக இருந்தவர். கல்யாணம் கட்டவில்லை. அவர் விட்டுப்போனது ஒரு டிரங்குப் பெட்டியும் டைகரும்தான். டைகர் அல்சேஷன் கலப்பு, நாலு வயது. பகலெல்லாம் சங்கிலியில் கிடந்து, இரவில் மட்டும் அவிழ்த்துவிடப்பட்டு வளர்ந்தவன். பூனையைக் கண்டால் துரத்துவான், வேறு எதுவும் அவனுக்குத் தெரியாது. கருமாதி முடிந்த அன்று அவனை யார் வைத்துக்கொள்வது என்று பேச்சு வந்தபோது யாரும் வாய் திறக்கவில்லை. "என் தம்பி சோறு போட்ட நாய், நம்ம வீட்டுக்கே வரட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டார்.

நம் வீடு உங்களுக்குத் தெரியும். ஏழு பேர்ச் காணியில் கட்டிய தனிவீடு, இரண்டு அறை, ஒரு ஹோல், ஒரு குசினி. அதில் ஏற்கெனவே எங்கள் பூனைகள் சீனியும் மிளகும் இருந்தார்கள். சீனிக்கு ஆறு வயது, வெள்ளை. மிளகு மூன்று வயதுக் கடுவன். இரண்டு பேருக்கும் அடுப்படிதான் உலகம். "நாயை வெளியே கட்டிப்போடுங்கள், பிரச்சினை முடிந்தது" என்று சிலர் அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் தேயிலைக்கும் காட்டுக்கும் நடுவில் இருக்கிற நமக்குத் தெரியாததா? இரவில் கட்டிக்கிடக்கும் நாய் சிறுத்தைக்கு வைத்த சாப்பாடு. டைகர் வீட்டுக்குள்தான் படுக்க வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார்.

ஹப்புத்தளையிலிருந்து அவனைக் கொண்டுவந்தது ஒரு மரக்கறி லொறி. லீக்ஸும் கோவாவும் ஏற்றிய வண்டியில் அவனுக்கென்று ஒரு மூலையில் சாக்கு விரித்து, வெலிமடை, நுவரெலியா, நானுஓயா, தலவாக்கலை என்று அத்தனை வளைவிலும் மெதுவாக ஓட்டி வந்தார் அந்த அண்ணன். இரண்டு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் வைத்திருக்கிறார். காசு கொடுத்தபோது "செத்த வீட்டுக் காசு வேணாம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார். அண்ணா, நீங்கள் இதைப் பார்த்தால், அடுத்த முறை இந்தப் பக்கம் வரும்போது ஒரு வாய் தேநீராவது குடித்துவிட்டுப் போங்கள்.

அன்றைக்கு நான் செய்த தவறை மறைக்க மாட்டேன். ஒன்றையொன்று மோந்து பார்த்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்து, கயிற்றைப் பிடித்தபடி டைகரை நேரே ஹோலுக்குள் கூட்டி வந்தேன். மிளகின் வால் போத்தல் கழுவுகிற பிரஷ் மாதிரி ஊதியது. அவன் அலுமாரி மேல் ஏறிய அதே நொடியில் டைகர் ஒரே இழுப்பு இழுத்தான். கயிறு என் உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. அலுமாரிக் கண்ணாடி நொறுங்கியது. சீனி குசினி ஜன்னல் வழியாகப் பாய்ந்து தேயிலைக்குள் மறைந்துவிட்டாள்.

இரண்டு இரவு அவள் வரவில்லை. மழை வேறு. டோர்ச் லைட்டை வைத்துக்கொண்டு நானும் தம்பியும் வடிகால் கான் கானாகத் தேடினோம்.

மூன்றாம் நாள் காலை நாலாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவுக்குக் கானுக்குள் முனகல் சத்தம் கேட்டிருக்கிறது. நிரையை விட்டு இறங்கி, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்து சீனியை அதில் சுற்றி, நிறுவைக்கு வரும்போது கூடையோடு கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார். காதுக்குப் பின்னால் இரண்டு அட்டை. மற்றபடி ஒரு கீறலும் இல்லை. அவளைப் பிடிக்கப்போன நேரத்தில் அந்த அக்காவின் கொழுந்து குறைந்துபோயிருக்கும், அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்திருக்கும் என்று அம்மா அன்றிரவெல்லாம் வருத்தப்பட்டார். அம்மாவும் முப்பது வருடம் கூடை சுமந்தவர், அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். பக்கத்து நிரைகளில் நின்றவர்கள் தங்கள் கொழுந்தில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளி அவர் கூடையில் போட்டார்கள் என்பது எங்களுக்கு ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. ஒரு பூனைக்காக அதைச் செய்தீர்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது.

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கும் தங்கச்சி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் வந்து முதலில் சொன்னது, "அக்கா, இது பூனைகளின் வீடு, டைகர்தான் வந்தவன். எப்போது அவனைப் பார்ப்பது என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும்." அன்றைக்கே டைகருக்கு முன்னறையை ஒதுக்கிக் கதவைச் சாத்தினோம். பூனைகளின் பழைய துணியை அவன் படுக்கையிலும், அவனைத் துடைத்த துணியை அவர்கள் சாப்பாட்டுத் தட்டுப் பக்கத்திலும் வைத்தோம். பூனைக்கு முகத்தைவிட வாசனைதான் முதல் அறிமுகம் என்றாள். கதவுக்கு இந்தப் பக்கம் பூனைகளுக்கும் அந்தப் பக்கம் டைகருக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு. முதலில் கதவிலிருந்து எட்டி, பிறகு நாளுக்கு ஒரு சாண் கிட்டக் கிட்ட. சீனி மட்டும் சாப்பிட மறுத்தாள். பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும் என்று தங்கச்சி எச்சரித்ததால், தட்டை மறுபடியும் குசினிக்கே கொண்டுபோய், டின்மீனைக் கையால் ஊட்டி, அங்கிருந்து திரும்பவும் தொடங்கினோம்.

எங்களிடம் கதவு இருந்தது, ஆனால் ஒன்றையொன்று பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வழி இல்லை. அதைச் செய்து தந்தவர் கீழ் வீட்டுத் தச்சு மாமா. கிராண்டிஸ் மரச் சட்டத்தில் கம்பிவலை அடித்து, நெஞ்சளவு உயரத்தில் ஒரு படல் செய்தார். அடியில் ஒரு சிறு இடைவெளி, பூனை நுழையும், டைகரின் தலை நுழையாது. அதோடு விட்டாரா? குசினி ஜன்னலிலிருந்து அலுமாரி வரைக்கும் சுவரில் அல்பீசியாப் பலகை அடித்து, சீனியும் மிளகும் தரையைத் தொடாமலே வீட்டைச் சுற்றிவர ஒரு பாதை போட்டுக் கொடுத்தார். மேலே ஏறிக்கொள்ள இடம் இருக்கிறது என்று தெரிந்த அன்றிலிருந்துதான் மிளகு சீறுவதைக் குறைத்தான். மாமா, நீங்கள் பலகைக்கு மட்டும்தான் காசு வாங்கினீர்கள், கூலியை நான் மறக்கவில்லை.

அப்புறம் பொலிஸ் நாய்ப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற சேர். டிக்கோயாவிலிருந்து ஆறு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான், எங்கள் சிங்களமும் அப்படித்தான், டைகருக்கோ இரண்டும் புரிந்தது. குரைக்கிற நாயைக் கண்டு பயப்பட வேண்டாம், சத்தமே இல்லாமல் உடம்பை விறைத்துக்கொண்டு முறைத்துப் பார்க்கிற அந்த நொடியைத்தான் கவனிக்க வேண்டும் என்று அவர்தான் சொல்லித் தந்தார். அந்த நொடிக்கு முன்னால், டைகர் தானாகவே பூனையிலிருந்து தலையைத் திருப்பும்போது, வேகவைத்த கோழி ஈரல் ஒரு துண்டு. திருப்பினால் ஈரல், திருப்பினால் ஈரல். முறைத்தால் அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை, இன்னும் நாலு அடி பின்னால் கூட்டிப்போய் மறுபடி. பூனையைப் பார்க்கும்போதெல்லாம் ஏச்சு விழுந்தால் பூனைமேல்தான் அவனுக்குக் கோபம் வரும் என்றார். எனக்கு இது முதலில் நம்பிக்கையாக இல்லை. நாலாவது ஞாயிறு, படலுக்கு அந்தப் பக்கம் சீனி நடந்துபோக, டைகர் அவளை ஒரு தடவை பார்த்துவிட்டு உடனே என் முகத்தைப் பார்த்தான். சேர் ஒன்றும் சொல்லவில்லை, என் தோளைத் தட்டிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

களைத்த நாய்தான் அமைதியான நாய் என்பதும் அவர் சொன்னதே. காலையும் மாலையும் டைகரை பெக்டரி ரோட்டில் கூட்டிப்போன தம்பிமார் மூன்று பேருக்கும், பரீட்சைக் காலத்தில்கூட ஒரு நாள் தவறாததற்கு, என் அன்பு. அவன் வெளியே போகிற அந்த நேரத்தில்தான் பூனைகள் அவன் அறைக்குள் போய் மூலை மூலையாக மோந்து, கன்னத்தைத் தேய்த்துவிட்டு வரும். கடை முதலாளி உருளைக்கிழங்கு நிறுக்கும் தராசில் டைகரை ஏற்றி நிறுத்துக் கொடுத்தார். பூச்சி மாத்திரைக்கு நிறை தெரிய வேண்டும் அல்லவா? 34 கிலோ. மிளகு மூன்றரை.

இரண்டு விஷயம் மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூனையும் நாயும் வைத்திருக்கும் எந்த வீட்டிலும் இது நடக்கலாம்.

டைகருக்கு உண்ணி அதிகம். டவுனில் ஒரு கடையில், நாயின் முதுகில் விடுகிற மருந்து ஒன்றைத் தந்தார்கள். பூனை இருக்கிறது என்று சொன்னேன், பரவாயில்லை என்றார்கள். நல்ல வேளையாக, விடுவதற்கு முன் தங்கச்சிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அதில் இருந்தது பெர்மெத்ரின். நாய்க்கு ஒன்றும் செய்யாது. ஆனால் பூனையின் ஈரலால் அதைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. மருந்து காயாத நாயோடு உரசினாலோ அதை நக்கினாலோகூட நடுக்கமும் வலிப்பும் வந்து செத்துப்போகலாம். பூனைகள் இருக்கிற வீட்டுக்கு ஏற்ற வேறு மருந்தை மிருக வைத்தியர் எழுதித் தந்தார். இரவு பதினொரு மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்து உடனே எடுத்துப் பேசிய தங்கச்சிக்கு, சீனியும் மிளகும் உயிரோடு இருப்பதே நன்றி.

மற்றது மிளகுக்கு வந்தது. டைகர் வந்து ஐந்தாவது வாரம், எல்லாம் சரியாகிவருகிறது என்று நாங்கள் நினைத்திருந்தபோது, அவன் மண்பெட்டிக்குப் போவதும் குந்துவதும் கத்துவதுமாக இருந்தான். பெட்டியில் ஒரு சொட்டு இல்லை. மலச்சிக்கல் என்று நினைத்து நான் ஒரு பகலை வீணாக்கினேன். மேல் லயத்து அம்மாயிதான் அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது மூத்திரம் அடைச்சிருக்கு புள்ள, விடியவிடாத, இப்பவே கொண்டு போ" என்றார். அதிகாலை மூன்று மணிக்கு ஆட்டோக்காரத் தம்பியை எழுப்பினோம். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை. பனியில் முன்னால் பத்தடி தெரியவில்லை. அந்தத் தம்பி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை.

பல்கலைக்கழக மிருக வைத்தியசாலையில் மயக்கி, குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள். கடுவன் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை மிகவும் ஒடுக்கம், மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பையில் அழற்சி வந்தால் இப்படி அடைத்துக்கொள்ளும், ஓரிரு நாள் விட்டிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று விளக்கினார்கள். வெளியே சத்தம் போடாமல் அலுமாரி மேல் அமைதியாக உட்கார்ந்திருந்த மிளகு உள்ளுக்குள் அவ்வளவு பயந்திருக்கிறான். மூன்று நாள் அங்கே வைத்துப் பார்த்து, என் கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்ன வைத்தியர்களுக்கும் மாணவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. அவர்கள் சொன்னபடி இப்போது இரண்டு பூனைக்கு மூன்று மண்பெட்டி, மூன்றும் டைகர் எட்டாத இடத்தில். தண்ணீர்க் கிண்ணம் நாலு இடத்தில். மிளகுக்கு ஈரச் சாப்பாடு. தினமும் இரண்டு மணி நேரம் வீடு முழுக்கப் பூனைகளுக்கு மட்டும்.

மூன்று பேருக்கும் நீர்வெறுப்புத் தடுப்பூசி போட்டாயிற்று. பூனைக்கும் போட வேண்டும் என்று வீடு வந்து சொன்ன சுகாதாரப் பரிசோதகர் ஐயாவுக்கும் நன்றி. டைகர் மாமாவை நினைத்து இரவிரவாக ஊளையிட்ட அந்த முதல் மாதத்தில் தூக்கம் கெட்டும் முகம் சுளிக்காத பக்கத்து வீட்டுக்காரர்களே, உங்களுக்கும்.

இன்றைக்கு ஓகஸ்ட். சீனிக்கு இன்னும் டைகரோடு பேச்சு வார்த்தை இல்லை. பலகைப் பாதையில்தான் போவாள், அது அவள் விருப்பம், நாங்கள் வற்புறுத்துவதில்லை. நாங்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் இன்றும் கதவைச் சாத்திப் பிரித்துத்தான் வைக்கிறோம். ஆனால் போன வாரம் குளிர் அதிகமாக இருந்த ஒரு இரவில், அம்மா விறகடுப்பை அணைத்துவிட்டு வந்து என்னை எழுப்பினார். அடுப்படியில் டைகர் நீட்டிப் படுத்திருக்க, அவன் வயிற்றுக்கு ஒரு முழம் தள்ளி மிளகு முதுகைக் காட்டிக்கொண்டு தூங்கினான். முதுகைக் காட்டிக்கொண்டு. அம்மா மாமாவின் படத்தைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

தச்சு மாமாவின் படல் இப்போது எங்களுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை, கழற்றித் துடைத்து வைத்திருக்கிறோம். இரண்டு கீலும் திருகாணிகளும் அதோடு ஒரு பையில் இருக்கின்றன. நம் தோட்டத்தில் யாருக்காவது வேண்டுமென்றால், தம்பியே கொண்டுவந்து பூட்டித் தருவான்.