குளத் திருப்பணி முடிஞ்சது: கணக்கும், கேட்ட கேள்விகளுக்கு பதிலும்

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், இயேசுவுக்கே புகழ். மூணையும் போட்டாச்சு, எத முதல்ல போட்டேன்னு யாரும் போன் பண்ணாதீங்க, போன தடவ நோட்டீஸ்ல அதுக்கே ஒரு வாரம் போச்சு.

நேரா விஷயத்துக்கு வர்றேன். நாகைல நம்ம நல்லிணக்க கமிட்டி குளத்த தூர் வாரி படி கட்டின கணக்கு இது. எஸ்டிமேட் 13,80,000. செலவு 16,42,600. வசூல் 15,71,350. துண்டு விழுந்த 71,250 பொருளாளர் கைக்காசு, அவரு வாய் திறந்து கேக்கல, நான்தான் கேக்குறேன். எஸ்டிமேட்டுக்கு மேல போன 2,62,600 எங்க போச்சுன்னு வாட்ஸப்ல ஆளாளுக்கு எழுதினீங்க, அதுல ஒருத்தர் "கமிட்டி வயித்துக்குள்ள"ன்னு எழுதியிருந்தாரு, ராத்திரி அத படிச்சிட்டு எனக்கு தூக்கமே வரல. பதில் இதுதான்: கிழக்கு படித்துறை திரும்ப கட்டினது 1,74,000, தண்ணி இறைச்சது 38,600, வேலி உயரத்த கூட்டினது 50,000. கூட்டி பாத்துக்குங்க.

புதுசா சேர்ந்த பசங்களுக்காக கொஞ்சம் பழைய கத. 2004 டிசம்பர் 26 சுனாமில நாகை மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல போனாங்க. அப்ப நாகூர்ல தர்கா இடத்துல எந்த மதம்னு பாக்காம அடக்கம் பண்ணாங்க, அந்தப் பக்கம் பரங்கிப்பேட்டைல கல்யாணத்துக்கு ஆக்கி வச்ச சாப்பாட்ட ஜமாத்துக்காரங்க அப்படியே எடுத்து குப்பத்து மக்களுக்கு போட்டாங்க. அந்த நாள்ல மூக்குல துணிய கட்டிக்கிட்டு ஒண்ணா அலைஞ்ச இருபது பேருதான் நம்ம கமிட்டியோட ஆரம்பம். அப்புறம் என்ன ஆச்சுன்னா, உண்மைய சொல்றேன், வருஷத்துக்கு ஒரு நல்லிணக்க கூட்டம், நாலு பொன்னாடை, இப்தார்ல ஒரு போட்டோ, அதோட சரி. நாகூர் பெரிய மினாரா 131 அடி, அத கட்டிக்குடுத்தது தஞ்சாவூர் மராட்டிய ராஜா பிரதாப் சிங். ராஜராஜ சோழன் இங்க இருந்த பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்த எழுதி வச்சாரு. இதையே எத்தன வருஷம் மேடைல பேசுறது? 2024 ஜனவரி கூட்டத்துல ஒரு நாட்டார் (குப்பத்து தலைவரு) எழுந்திரிச்சு "பேசினது போதும், அந்த குளத்த தூர் வாருங்கய்யா"ன்னாரு. அப்படி வந்ததுதான் இது. "திருப்பணி"ங்கிற வார்த்த கோயிலுக்குதானேன்னு ஒருத்தர் இழுத்தாரு, நாகூர் நானா (முஸ்லிம் அண்ணன்) ஒருத்தர்தான் "நல்ல வார்த்ததானே, போடுங்க தம்பி"ன்னு முடிச்சாரு.

ஏன் லேட்டுன்னு கேட்டவங்களுக்கு. பிப்ரவரில மனு குடுத்தோம். மார்ச் 16 தேர்தல் அறிவிச்சதும் நடத்தை விதின்னு ஃபைல் அப்படியே படுத்துருச்சு, ஜூன்ல ரிசல்ட் வந்த பிறகுதான் நகந்துச்சு. இதுல நமக்கு பெரிய நஷ்டம் என்னன்னா ஏப்ரல் 15லேந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடி தடைக்காலம், அந்த 61 நாளும் சும்மாதான் இருக்கோம் நாங்க வந்து மண்ணு வெட்டித் தர்றோம்னு குப்பத்து பசங்க அறுபது பேரு பேரு குடுத்திருந்தாங்க, அனுமதி கைக்கு வந்தப்ப அவங்க கடல்ல இருந்தாங்க. கூலி அதிகமானதுக்கு இதான் காரணம், யாரும் யார் பாக்கெட்லயும் போடல. வண்டல ஏன் விக்கலன்னு இன்னொரு கேள்வி. விவசாயிக்கு இலவசமா எடுத்துக்க தாசில்தார் அனுமதி குடுக்குற மண்ணு அது, வித்திருந்தா நான் இந்த அறிக்கைய ஸ்டேஷன்ல உக்காந்து எழுதிக்கிட்டு இருப்பேன்.

இப்ப காண்ட்ராக்டர் கத. அவரு பேரையும் எழுதல, எந்த சமூகம்னும் எழுதல, எழுதினா அடுத்த பாராவ பாதி பேரு படிக்கமாட்டீங்க, மீதி பேரு அத மட்டும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புவீங்க. மூணு கொட்டேஷன் வாங்கினோம், இவருது குறைச்சல், குடுத்தோம். குறைச்சலா போட்டவன் எங்கயாவது கைவைப்பான்னு அன்னைக்கே சொன்ன ஒரே ஆளு நம்ம சிஸ்டர், மினிட்ஸ்ல இருக்கு, அவங்க சொன்னத கேக்காதது எங்க தப்புதான். ஜூலை கடைசில ஜேசிபி இறங்குச்சு, அறுபது நாள்ல முடிக்கணும்னு பேச்சு. ஆகஸ்ட்ல பத்து நாள் ஆளே இல்ல, கேட்டா வேளாங்கண்ணிக்கு நடந்து போறவங்க கூட்டம் ரோட்டுல, டிப்பர் வரமுடியலன்னாரு. அங்க திருவிழா கொடி ஏறுறதே ஆகஸ்ட் 29, இவரு காணாம போனது 12ஆம் தேதி! அத ஃபாதர்கிட்டயே சொல்றாரு பாருங்க.

அப்புறம் பில்லு வந்துச்சு. ஜேசிபி 212 மணி நேரம், மணிக்கு 1,300. எங்க நோட்டுல 168தான் இருக்கு. அவரு நோட்டுல டிரைவர் கையெழுத்து இருக்கு, எங்க நோட்டுல ரெண்டு நாள் நடுவுல காலியா இருக்கு, அந்த ரெண்டு நாளும் நான் மாமியார் ஊருக்கு போயிட்டேன், ஒத்துக்கிறேன். 44 மணி நேரம், 57,200 ரூவா, எத வச்சு மறுக்குறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தப்ப குளத்துக்கு எதுத்தாப்புல டீக்கடை வச்சிருக்க அக்கா தன்னோட கடன் நோட்ட எடுத்துட்டு வந்தாங்க. டிரைவருக்கும் கிளீனருக்கும் காலைல ரெண்டு டீ, பத்து மணிக்கு ரெண்டு வடை, மதியம் ரெண்டு டீ, தேதி போட்டு எழுதி வச்சிருக்கு. வண்டி ஓடாத நாள்ல டீ இல்ல. வண்டி அரை நாள் ஓடினா மதிய டீ இல்ல. கணக்கு போட்டா 168ஐ ஒட்டி வருது. அந்த நோட்ட பாத்ததும் காண்ட்ராக்டர் மூஞ்சிய நீங்க பாத்திருக்கணும்.

ஆனா இதுக்கு நடுவுல தான் அந்த வாய்ஸ் மெசேஜ் சுத்துச்சு. "அவங்க ஆளுன்னு குடுத்தாங்க, அவங்க ஆளுன்னு மூடுறாங்க." அத பேசினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும், விடுங்க. அந்த ஒரு வாரம் கமிட்டில யாரும் யார்கிட்டயும் சரியா பேசல. இருபது வருஷம் ஒண்ணா சாப்பிட்டவங்க டீ கிளாஸ தள்ளி வச்சு உக்காந்தோம். அதுக்கப்புறம் காண்ட்ராக்டரோட அதே சமூகத்துலேந்து நம்ம ஆளு ஒருத்தர், பழைய பொதுப்பணித்துறை ஓவர்சீயர், எழுபது வயசு, யார்கிட்டயும் சொல்லாம விடிகாலைல டேப்ப தூக்கிக்கிட்டு குளத்துல இறங்கி ஒவ்வொரு படியா அளந்து, தட்டிப் பாத்து, "கிழக்கு பக்கம் படிக்கு அடில ஜல்லியே இல்ல, வண்டலத்தான் போட்டு மூடியிருக்கான், மழைல உக்காரும்"னு எழுத்துல குடுத்தாரு. அத குடுத்தப்ப அவரு கை நடுங்குச்சு. அவங்க தெருவுல அவர ரெண்டு மாசம் கல்யாணத்துக்கு கூட கூப்புடல, தெரியுமா உங்களுக்கு?

அவரு சொன்னபடியே அக்டோபர் நடுவுல வடகிழக்கு மழை ஆரம்பிச்சதும் கிழக்கு படித்துறை ஒரே ராத்திரில உக்காந்துச்சு. போலீஸ்ல குடு, கோர்ட்டுக்கு போன்னு நெறைய பேரு குதிச்சீங்க. போயிருந்தா குளம் இன்னைக்கும் சேறாத்தான் கெடக்கும். ஜமாத் ஆபீஸ்ல உக்காந்து பேசினோம், கோயில் பக்கம் ரெண்டு பேரு, சர்ச் பங்குலேந்து ரெண்டு பேரு, ஜமாத்துலேந்து ரெண்டு பேரு, ராத்திரி ஒம்போதுலேந்து ஒண்ணரை வரைக்கும். முடிவு: 57,200 கிடையாது, அவரு பில்லுல நாங்க பிடிச்சு வச்ச 60,000 கிடையாது, அவரு மேல நாங்க எதுவும் போகமாட்டோம், அவரும் போகக்கூடாது. படித்துறைய வேற கொத்தனார வச்சு பிரிச்சு கட்டினதுல 2,34,000 ஆச்சு, அந்த 60,000ஐ கழிச்சா 1,74,000. இது தோல்வின்னு நெனக்கிறவங்க நெனச்சுக்குங்க, நான் அப்படி நெனக்கல.

மத்த வேலைங்க: வரத்து வாய்க்கால், மதகு, மூணு பக்க படி, நடைபாதை, லைட் எட்டு, வேப்பங்கன்னு நாப்பது. எல்லாம் முடிஞ்சது. வேலி மூணடிதான் போட்டிருந்தோம், ஸ்கூல் பசங்க எகிறி குதிக்கிறாங்கன்னு அஞ்சடி ஆக்கினோம்.

ஞாயித்துக்கிழம சிரமதானம் பத்தியும் சொல்லணும். காலைல எட்டு மணிக்கு பூசை முடிச்சு பங்கு ஆளுங்க வருவாங்கன்னு எட்டரைக்கு வச்சோம். ஆடி மாசம் கூழ் ஊத்துற அன்னைக்கு கோயில் தெரு ஆளு வராது, அன்னைக்கு பாய்மாருங்க கூடுதலா வந்தாங்க. வெள்ளிக்கிழம பன்னெண்டரைலேந்து ரெண்டு வரைக்கும் மிஷின் ஆஃப். சாப்பாட்டுல மட்டும் நாலு வாரம் சண்ட, சைவம் யாரு, ஹலால் எங்க வாங்குறது, வெங்காயம் சேக்காத மாமி ஒருத்தங்க, கடைசில எலுமிச்ச சோறும் உருளைக்கிழங்கும்னு முடிவாச்சு. பதினொரு வாரம் எலுமிச்ச சோறு. இனிமே எனக்கு அத காட்டாதீங்க.

குடுத்தவங்க. தனிப்பேரு போடக்கூடாதுன்னு பொதுக்குழு முடிவு, முழு லிஸ்ட் ரசீது நம்பரோட மீட்டிங்ல இருக்கும், ஆனா சொல்லாம விட்டா மனசு கேக்காது: நாகூர் ஜவுளிக்கடைக்காரர் 1,00,000, சிங்கப்பூர்லேந்து நம்ம ஊரு பிள்ளைங்க சேந்து 2,10,000, ஐஸ் ஃபேக்டரிக்காரர் 50,000, நகைக்கடை வீதி சங்கம் 75,000, அக்கரைப்பேட்டை விசைப்படகு ஓனருங்க ஆறு பேரு ஆளுக்கு 10,000, பங்கு மாதர் சங்கம் அச்சு முறுக்கு வித்து 18,400, மெடிக்கல் ஷாப்காரர் 5,000 ரெண்டு தடவ, பூக்கட்டுற அம்மா 500, அல்வா கடைக்காரர் காசு தரல ஆனா தொறப்புக்கு இருபது கிலோ அல்வா, சிமெண்ட் கடைக்காரர் நூறு மூட்டைக்கு மூட்டைக்கு 30 ரூவா குறைச்சாரு, பள்ளிக்கூட பசங்க உண்டியல் 2,117, அந்தப் பதினேழு ரூவாய எண்ணினப்ப நான் அங்க இருந்தேன்.

கல்வெட்டு ஏன் வைக்கலன்னா, வச்சா யாரு பேரு மேலன்னு ஆரம்பிச்சு மூணு டிராஃப்ட் போட்டு மூணும் கிழிஞ்சது. அதனால ஒரே ஒரு போர்டு: "குளத்துல குப்ப போடாதீங்க". அதுக்கு கீழ ஏற்கனவே ஒருத்தர் பால் பாக்கெட் போட்டுட்டாரு.

நவம்பர் 26, 27 மழைல குளம் முழுசா ரொம்பி மதகு வழியா வழிஞ்சது. கிழக்கு படி அசையல. ஓவர்சீயர் குடைய பிடிச்சுக்கிட்டு ராத்திரி முழுக்க அங்கயே நின்னாரு, வீட்டுக்கு போங்கன்னா போகல.

பாக்கி ரெண்டு இருக்கு. பொருளாளர் 71,250, அடுத்த மாசத்துக்குள்ள வசூல் பண்ணணும், என் பங்கு 2,000 குடுத்துட்டேன். இன்னொண்ணு கணக்குலயே விட்டுப்போச்சு, நேத்துதான் ஞாபகம் வந்துச்சு: அந்த டீக்கடை அக்கா நோட்ட எவிடென்ஸா வாங்கிட்டு வந்தோம்ல, அதுல காண்ட்ராக்டர் ஆளுங்க குடிச்ச டீ, வடை பாக்கி 2,380 அப்படியே நிக்குது. அவரு தரமாட்டாரு. மொத்த செலவு 16,44,980ன்னு திருத்திக்குங்க, நாளைக்கு காலைல நோட்டோட சேத்து நானே கொண்டு போயி குடுத்துடுறேன்.